திரும்பும் வழியில் வாடை

காலை ஐந்து பத்துக்கு முதல் சைக்கிள் வரும். விளக்கு கிடையாது. செயின் கார்டில் செயின் உரசுகிற சத்தத்தை வைத்துத்தான் வருவது தெரியும். கேரியரில் கட்டிய அலுமினிய அண்டாவில் இடியாப்பம், மூடிமேல் ஈரத்துணி. ஊருக்குள் நுழைகிற வரை இடியாப்பக்கார பாய் ஹாரனை அமுக்க மாட்டார். வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஒரு முழ அகலத்தில், மணலும் தாரும் சேருகிற இடத்தில், ஆடாமல் அசையாமல் ஓட்டிக்கொண்டு போவார். அந்த ஒரு முழம்தான் இந்தச் சாலையில் சைக்கிளுக்கு மிஞ்சியிருக்கிற இடம்.

நான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கும் திருவிடந்தைக்கும் நடுவில், கடல் பக்கத்து ஓரமாக இருக்கிறது. டீக்கடை பெஞ்சு. ஒட்டினாற்போல் புங்கமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. எதிரே மீடியனில் ஒரு திறப்பு. இந்த மார்கழியில் ஒரு ஞாயிறுகூட விடாமல் வந்து உட்கார்ந்தேன். "ஒரு டீ, சர்க்கரை கம்மி" என்பதைத் தவிர வாய் திறந்ததாக நினைவில்லை. கோவளம் தர்கா பக்கமிருந்து பாங்கு கேட்கும். அது அடங்கிக் கொஞ்ச நேரத்தில் தெற்கே நித்யகல்யாணப் பெருமாள் கோயிலில் திருப்பாவை தொடங்கும். அந்த நேரத்தில்தான் வடக்கேயிருந்து சின்னச்சின்ன வெள்ளை விளக்குகள் வர ஆரம்பிக்கும்.

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் பருவம். ஐரோப்பாவில் பந்தயக்காரர்களுக்கு டிசம்பர் என்பது அடங்கியிருக்கும் மாதம். தெருவில் பனி உறைந்தால் வீட்டுக்குள் உருளைமேல் சைக்கிளை ஏற்றி மிதிப்பார்கள், வசதி இருப்பவர்கள் வெயில் தேடி ஸ்பெயினுக்குப் போவார்கள். வேகம் வேண்டாம், தூரம் போதும் என்று உடம்பைப் பழக்குகிற காலம் அது. அவர்களுடைய பந்தயம் வசந்தத்தில் தொடங்கும். நமக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. சித்திரையில் காலை எட்டு மணிக்கே தார் சூடேறிவிடும். ஐப்பசி கார்த்திகையில் மழை, புயல். மழை ஓய்ந்த பிறகு மாசி வரைக்கும் கிடைக்கிற இரண்டு இரண்டரை மாதத்துக்குள் பயிற்சியும் நடக்க வேண்டும், எதற்காகப் பயிற்சியோ அதுவும் நடக்க வேண்டும். விடிகாலையில் 21, 22 டிகிரி. பஞ்சர் கடைப் பெரியவர் அதற்கே குரங்குக் குல்லா மாட்டிக்கொள்கிறார். வருகிற பிள்ளைகள் வேர்வையில் நனைந்து வருகிறார்கள்.

ஐந்தே முக்காலுக்கு வேகக்காரர்கள் கூட்டம் கடக்கும். பதினைந்து இருபது பேர், இரண்டு வரிசை, ஒருவர் சக்கரத்துக்கும் அடுத்தவர் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. அவர்களின் முகத்தைப் பார்க்க நேரம் கிடைக்காது. கையைப் பார்க்கலாம். முன்னால் போகிறவர் தொடைக்குப் பக்கத்தில் கையை இறக்கி விரலால் தரையைக் காட்டினால் பள்ளம். உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை ஆட்டினால் மணல் அல்லது ஜல்லி. இடதுகையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வலப்பக்கம் தள்ளினால், ஓரத்தில் ஏதோ நிற்கிறது, விலகி வா என்று அர்த்தம். முஷ்டியை உயர்த்தினால் நிற்கப் போகிறோம். முழங்கையை ஒரு வெட்டு வெட்டினால், நான் காற்றை வாங்கியது போதும், நீ முன்னால் வா. ஒவ்வொரு சைகையும் முதல் ஆளிடமிருந்து கடைசி ஆள் வரைக்கும் கைமாறிப் போவதை இருட்டில் கையுறையின் வெள்ளைக்கோடுகளாகப் பார்க்க முடிகிறது. மயிலாப்பூர் சபாக்களில் முத்திரை பிடிக்கிற இதே மாதத்தில் இங்கேயும் கை பேசுகிறது. ஒரு கை பேச மறந்தால் நான்கு பேர் விழுவார்கள்.

அந்தக் கூட்டம் போன பிறகு மற்றவர்கள். அப்பாவும் பதின்மூன்று வயது மகனும். மகன் முன்னால், அப்பா பின்னால், அப்பாவின் கண் முழுக்க மகனின் பின்சக்கரத்தில். ஒரே மாதிரி ஜெர்சி போட்ட நான்கு பெண்கள், பேசிக்கொண்டே போவார்கள். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் நெடுந்தூரத்துக்குச் சரியான வேகம் என்று இந்த விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது; அவர்களுக்கு அது இயல்பாகவே வந்திருக்கிறது. அவர்களுக்கு நடுவில், எந்தக் கணக்கிலும் சேராமல், ரிசார்ட்டுகளில் இரவுக் காவல் முடித்து வீடு திரும்புகிறவர்கள், கேளம்பாக்கம் பக்கம் கட்டட வேலைக்குப் போகிற வடமாநிலப் பையன்கள், ஒரே சைக்கிளில் இரண்டு பேராக. கேரியரில் இருக்கிறவன் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்திருப்பான். அவர்களும் தினம் இருபது கிலோமீட்டர் மிதிக்கிறார்கள். அதைப் பயிற்சி என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

இவர்கள் எல்லாரையும் ஒன்றாக்குவது காற்று.

மார்கழியில் இந்தக் கரையில் வீசுவது வாடை. வடக்கு, வடகிழக்கிலிருந்து வருகிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் போகிறவர் முதுகில் அது கை வைத்துத் தள்ளும். முதல் தடவை வருகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். முகத்தில் ஒரு சந்தோஷம், இத்தனை வேகமாக நம்மால் போக முடிகிறதே என்று. காற்று தள்ளுவது அவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் பின்காற்று காதில் கேட்காது. மாமல்லபுரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் காது இரைய ஆரம்பிக்கும். வெயில் ஏற ஏற வாடையும் பலக்கும். போகும்போது 28, 30 என்று வந்தவர் திரும்பும்போது 17, 18-க்குத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எதிர்ச்சாரியில் போவார். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அதைத் தொடையால் படிக்கிற இடம் கோவளத்துக்கும் முட்டுக்காடு பாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. பாலத்தின்மேல் மரமும் இல்லை, சுவரும் இல்லை. கூட்டமாகப் போகிறவர்கள் அங்கே ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒளிந்துகொள்வார்கள். சரியாக ஒட்டிப் போனால் கால்வாசி உழைப்புக்கு மேலேயே மிச்சம். தனியாக வந்தவருக்கு ஒளிய முதுகு கிடையாது.

அவர் தனியாகத்தான் வந்தார்.

மார்கழி பிறந்த முதல் ஞாயிறு. ஐம்பதை நெருங்கியிருப்பார். கரும்பச்சை நிறத்தில் ஸ்டீல் ஃபிரேம் சைக்கிள், ஹேண்டில்பாரில் சுற்றிய டேப் ஓரத்தில் பிரிந்திருந்தது. ஜெர்சி இல்லை, முழுக்கைச் சட்டை, டிராக் பேண்ட், வலதுகால் முனையை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே டீ வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, இடது மணிக்கட்டின் உள்பக்கம் நேரத்தை எழுதினார். 6-24. கையைத் தூக்கிப் பார்த்தார். மீடியன் திறப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வடக்கே திரும்பிவிட்டார். திருவான்மியூரிலிருந்து இந்த பெஞ்சு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. போக வர ஐம்பத்தைந்துக்கு மேல். அன்றைக்கு அவருக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாம் ஞாயிறு அவர் மணிக்கட்டில் எழுதுவதற்கு முன்னாலேயே பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. கடைக்கு ஐம்பது அடி தூரத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். புது ட்யூப் கையோடு வைத்திருந்தார். மாற்றினார். காற்றடித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதுவும் இறங்கிவிட்டது. அதுவரை டீயை ஊதிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார்.

"ட்யூப மாத்தினா போதுமாம்மா? முள்ளு டயர்லதான இருக்கும்."

சக்கரத்தைக் கழற்றி டயரின் ஒரு பக்கத்தைக் கையாலேயே பெயர்த்தார். லிவர் தொடவில்லை. காய்ச்சுப்போன கட்டைவிரலை டயருக்குள் விட்டு மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். ஓரிடத்தில் விரல் நின்றது. அந்த இடத்தை வெளிப்பக்கமாக மடக்கி, வெளிச்சத்தில் காட்டி, முனை மழுங்கிய பழைய குறடால் ஒன்றைப் பிடித்து இழுத்தார். தலைமுடி கனத்தில், ஒரு நெல் நீளம்கூட இல்லாத இரும்புக்கம்பி. "லாரி டயர் வெடிச்சா உள்ள இருக்கிற கம்பி ரோடெல்லாம் சிந்தும்மா. ஆணி இல்ல, முள்ளு இல்ல, இதான் இந்த ரோட்ல பாதி பஞ்சர்." அதை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அவர் அதை எறியவில்லை, பர்ஸில் போட்டுக்கொண்டார்.

இரண்டு ட்யூபையும் ஒட்டிக் கொடுத்தார் பெரியவர். சட்டித் தண்ணீரில் ட்யூபை அமுக்கியபோது குமிழி நூல்போல் வந்தது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதாமல் காயவிட்டார். ஊதினால் எச்சில் ஈரம் படும் என்றார். அவருடைய பம்பு இந்தக் குச்சிமூக்கு வால்வுக்குப் பொருந்தாது. அந்த அம்மா சீட்டுக்கடியில் இருந்த பையிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு பித்தளை மூடியை எடுத்து வால்வில் திருகினார். பெரியவரின் பம்பு அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. அவருக்கு அது பிடித்துப்போயிற்று. திருகிக் கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"இத்தனை தூரம் எதுக்கும்மா ஓட்டுற?"

"பிரெவேன்னு ஒண்ணு இருக்குங்கய்யா. 200 கிலோமீட்டர். பதிமூணரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். தை மாசம்."

"ஃபர்ஸ்ட்டு வந்தா எவ்ளோ தருவான்?"

"ஃபர்ஸ்ட்டு கிடையாதுங்கய்யா. எல்லாரும் ஒண்ணுதான். நேரத்துக்குள்ள வந்தா பேர் எழுதுவாங்க. மெடல் வேணும்னா நம்ம காசு கொடுத்துதான் வாங்கணும்."

பெரியவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார், அது நியாயம்தான் என்பதுபோல.

நான் இதைப் பற்றிப் படித்திருக்கிறேன். பிரான்சில் பிறந்த வழக்கம். 1904-இல் தொடங்கிய பாரிஸ் நகரத்துச் சங்கம் ஒன்று உலகம் முழுவதற்கும் இதன் ஏட்டைப் பராமரிக்கிறது. 200-க்கு மேல் 300, 400, 600 என்று ஏறும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. நான்கையும் ஒரே ஆண்டில் முடித்தவருக்கு ஒரு பட்டம் உண்டு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர். அதற்கு 90 மணி நேரம். தமிழ்நாட்டிலிருந்தும் அதற்குப் போய் வந்திருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது ஒரு விதி: பின்னால் உதவிக்குக் கார் வரக் கூடாது. பஞ்சரானால் நீயே ஒட்டு, பசித்தால் வழியில் இருக்கிற கடையில் சாப்பிடு. ஆக, ஊரை நம்பித்தான் போக வேண்டும். ஊர்க் கடையின் பெஞ்சில் உட்காராமல் 200 கிலோமீட்டர் கடக்க முடியாது.

அந்த அம்மாவுக்கும் இது தெரிந்திருந்தது. மூன்றாம் ஞாயிறு பஞ்சர் ஒன்றும் ஆகவில்லை. இருந்தும் சைக்கிளைச் சாய்த்து வைத்து, "இன்னிக்கு நானே கழட்டுறேன், நீங்க பாருங்கய்யா" என்றார். பெரியவர் பார்த்தார். நானும் பார்த்தேன். முதல் தடவை டயரை மறுபடி ஏற்றும்போது ட்யூபைக் கிள்ளிவிட்டார். "வால்வுக்கு எதிர்ப்பக்கத்துல ஆரம்பிச்சு, வால்வுகிட்ட வந்து முடி. அங்கதான் டயர் இடம் கொடுக்கும்." இரண்டாம் தடவை ஏறியது. நகத்தில் ரத்தம் கட்டியிருந்தது. அன்று மாமல்லபுரம் வரை போனார். பத்தரை மணிக்கு எதிர்ச்சாரியில் திரும்பிப் போவதைப் பார்த்தேன். உதடு வெளுத்து, கண் சாலையைத் தவிர எதையும் பார்க்காமல். வாடை நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது.

பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் இருபத்திரண்டு வாடகை சைக்கிள் வைத்திருந்தவர். மணிக்கு ஐம்பது காசு. எல்லாம் ஹெர்குலிஸ், அம்பத்தூரில் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1949-இல் வந்தது. இந்தக் கரையோரத்தில் எத்தனை பேருக்கு அதன் கறுப்புச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கால் எட்டியது என்பதற்குக் கணக்கு இல்லை. வாடகை போய், பஞ்சர் மட்டும் மிஞ்சியது. அதுவும் இப்போது டிவிஎஸ் ஃபிஃப்டி, ஸ்கூட்டர்தான். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் தருகிற சைக்கிள் வந்தால் முகம் மலர்வார். புதிதாக வந்த சைக்கிளுக்குக் கம்பி முறுக்கிக் கோட்டம் எடுத்துக் கொடுக்காமல் பிள்ளைகளை அனுப்ப மாட்டார். பின்சக்கரத்தைச் சுழல விட்டு, மட்கார்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் தெரிகிற வெளிச்சம் ஆடுகிறதா என்று ஒற்றைக்கண்ணால் பார்ப்பார். கார்பன் சைக்கிள் ஆனாலும் கறுப்புச் சைக்கிள் ஆனாலும் அந்தப் பார்வை ஒன்றுதான்.

நான்காம் ஞாயிறுதான் அது நடந்தது.

அந்த அம்மா அன்று நான்கு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும், ஐந்தே காலுக்கு வந்துவிட்டார். இன்னும் கும்மிருட்டு. பனி இறங்கி டீக்கடை பல்பைச் சுற்றிப் புகைபோல் நின்றது. பாய் வழக்கமான நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்தார். சனி இரவை எங்கோ கழித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிற கார்கள் அந்த நேரத்தில் நிறைய வரும். அவற்றில் ஒன்று. மோதவில்லை. உரசக்கூட இல்லை. பக்கத்தில் போனது, அவ்வளவுதான். அந்த வேகத்தில் அந்த நெருக்கத்தில் ஒரு கார் போனால் முதலில் காற்று வெளியே தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். பாயின் முன்சக்கரம் தாரைவிட்டு மணலில் இறங்கியது. சக்கரம் மணலில் இறங்கிவிட்டால் ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாது. விழுந்தார்.

அண்டா உருண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இடியாப்பம் தார்மேல் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. கார் நிற்கவில்லை. சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்தது, அணைந்தது, போய்விட்டது.

நாங்கள் எல்லாரும் எழுவதற்குள் அந்த அம்மா ஓடியிருந்தார். தன் பின்விளக்கைக் கழற்றிச் சாலையின் மேல், பாய் கிடந்த இடத்துக்குப் பத்தடி முன்னால், வருகிற வண்டிகளுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் அவரைத் தூக்கினார். முழங்கை சிராய்ப்பு. தலையில் ஒன்றுமில்லை. பாய் முதலில் அண்டாவைத்தான் தேடினார். நசுங்கவில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டார்.

"தெரியலன்னு சொல்லுவாங்கம்மா. நிறுத்தினாலும் அதான் சொல்லுவாங்க. தெரியலன்னு."

டீக்கடைக்காரர் அவருக்கு வெந்நீர் கொடுத்தார். பெரியவர் சைக்கிளின் பின்மட்கார்டைத் துடைத்துப் பார்த்தார். ஒரு காலத்தில் அங்கே வெள்ளைப் பெயிண்டும் சிவப்புக் கண்ணாடியும் இருந்திருக்கும். கண்ணாடி இருந்த இடத்தில் ஓட்டை, பெயிண்ட் இருந்த இடத்தில் துரு. கடலோரத்தில் உப்புக்காற்று இரண்டு வருஷத்தில் எதையும் தின்றுவிடும். "முந்தியெல்லாம் விளக்கு இல்லாம போனா போலீஸ்காரன் வால்வ புடுங்கிடுவான். அந்தப் பயத்துக்காவது டைனமோ போட்டோம்" என்றார்.

அந்த அம்மா அன்று மேற்கொண்டு போகவில்லை. மணிக்கட்டிலும் எழுதவில்லை. விடிகிற வரை இருந்து, வந்த வழியே திரும்பினார்.

அடுத்த ஞாயிறு சீட்டுப் பை உப்பியிருந்தது. உள்ளே ஒரு சுருள் ரிஃப்ளெக்டர் டேப், லாரிகளின் பின்பக்கம் ஒட்டுவார்களே, அந்தச் சிவப்பு. பெரியவரிடம் கொடுத்தார். பேச்சு அதிகமில்லை. "வர்ற சைக்கிளுக்கெல்லாம் ஒரு சாண் ஒட்டிடுங்கய்யா. தீந்தா சொல்லுங்க." பெரியவர் முதலில் மட்கார்டை உப்புத்தாளால் தேய்த்தார், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார், காயவிட்டார், பிறகு ஒட்டினார். பஞ்சருக்குச் செய்வதையே இதற்கும் செய்தார். முதலில் பாயுடையது. பிறகு இரவுக் காவல் முடித்து வந்த ஒருவருடையது. கட்டட வேலைப் பையன்கள் இருவரும் முதலில் காசு கேட்பார்கள் என்று நினைத்து நிற்காமல் போனார்கள். பெரியவர் கை தட்டிக் கூப்பிட்டு நிறுத்தி ஒட்டினார். அவர்களுக்கு இவர் பேச்சு புரியவில்லை, இவருக்கு அவர்கள் பேச்சு புரியவில்லை. தூரத்திலிருந்து வந்த ஒரு வேனின் விளக்கில் அந்தச் சாண் டேப் தீக்கங்குபோல் எரிந்ததை அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது புரிந்தது.

தை பிறந்து வந்த ஞாயிறு. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அன்று பெஞ்சு நனைந்திருந்தது. ஆறு மணிக்குச் சென்னையில் கிளம்பியவர்கள் ஏழுக்கு முன்னாலிருந்தே கடக்க ஆரம்பித்தார்கள், மேலே பளபளக்கும் மஞ்சள் கச்சை மாட்டிக்கொண்டு. மரக்காணம் உப்பளம் பக்கம் போய்த் திரும்பினால் 200 கிலோமீட்டர். ஏழு இருபதுக்கு அந்த அம்மா கடந்தார். நிற்கவில்லை. இடதுகையை மட்டும் தூக்கினார். பெரியவர் கையில் இருந்த பம்பைத் தூக்கிக் காட்டினார்.

அன்று மட்டும் நான் மாலையிலும் வந்தேன். நான்கு மணியிலிருந்து எதிர்ச்சாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேகக்காரர்கள் எப்போதோ திரும்பியிருந்தார்கள். இப்போது வருகிறவர்கள் ஒருவர், இருவராக வந்தார்கள். முகத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒருவர் மீடியன் ஓரத்தில் சைக்கிளைப் படுக்கவைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டார், இரண்டு நிமிடம் கழித்து எழுந்து ஓட்டினார். வாடை நிற்கவே இல்லை. கடற்கரைச் சவுக்குத் தோப்புகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

ஐந்து முப்பத்தைந்துக்கு அந்த அம்மா வந்தார். மீடியன் திறப்பில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். நடையில் கொஞ்சம் தள்ளாட்டம். டீக்கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை கூட்டிப் போட்டார். அந்த அம்மா கடலைமிட்டாயைப் பிரிக்க முயன்று விரல் வராமல், பல்லால் கிழித்தார். பெரியவர் பின்டயரை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"வழியில பஞ்சரு?"

"ஒண்ணு. கல்பாக்கம் தாண்டி. கம்பிதான். நானே எடுத்துட்டேன்."

சட்டைப் பையில் கையை விட்டு அந்தக் கம்பியைத் தேடினார். கிடைக்கவில்லை. நேரமில்லை என்று எழுந்துவிட்டார். இன்னும் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கையில் இருந்தது ஒரு மணி ஐம்பது நிமிடம்கூட இல்லை, முகத்துக்கு நேரே காற்று. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சாலையைக் கடந்து ஏறி உட்கார்ந்தார். பின்விளக்கு முட்டுக்காடு பக்கம் நோக்கிச் சின்னதாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு கார் அவரைத் தாண்டும்போதும் அது மறைந்தது. நான் ஒவ்வொரு தடவையும் அது மறுபடி தெரிகிற வரை காத்திருந்தேன். வளைவு வந்தது, பிறகு தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் ஆறரைக்கு வந்தார், நடப்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டபடி. பெரியவர் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"முடிச்சியாம்மா?"

"பதிமூணு மணி இருபத்தொரு நிமிஷம்."

"ஒம்பது நிமிஷம் மிச்சம்" என்றார் பெரியவர். எழுந்து போய் அவரே ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்த அம்மா அடுத்தது 300 என்றார். அதற்குப் பாதி ராத்திரியில் ஓட்ட வேண்டியிருக்கும் என்றார்.

நேற்று வரை அந்தச் சுருளில் பாதி தீர்ந்திருக்கிறது. பெஞ்சிலிருந்து எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தோரு சைக்கிள். இடியாப்பச் சைக்கிள், கீரைச் சைக்கிள், காவல்காரர்களுடையது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது. இந்தச் சாலையில் விடிகாலை கார் ஓட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த டேப்புக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, உங்கள் விளக்கு பட்டால்தான் எரியும். ஓரத்தில் ஒரு சாண் சிவப்பு தெரிந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஒரு ஆள் படுக்கிற அகலம் விட்டுத் தாண்டிப் போங்கள்.